கூடாரத்தில் ஒரு ராத்திரி: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளோடு வெளியூர் போய் ஒரு ராத்திரி டென்ட்டில் தங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கொடைக்கானல் பக்கம் காட்டோரமாக ஓர் இடம் பார்த்து நாங்களே டென்ட் போட்டுத் தங்கலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: காட்டோரம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். உள்ளே தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், ஆபத்தைப் பாருங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிச்சயம் முடியாது. 2021 ஜனவரியில் வயநாட்டில் ஒரு தங்குமிடத்தில் டென்ட்டில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அது காட்டுக்குள்ளே நடந்ததல்ல, காட்டை ஒட்டிய தனியார் நிலத்தில் நடந்தது.

ஆகவே உங்களுக்கு உள்ள வழி, முறையாக நடக்கும் தனியார் முகாம்கள்தான். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் எல்லா இடத்திலும் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்: காட்டு எல்லை எவ்வளவு தூரம்? சுற்றிலும் வேலி உண்டா? ராத்திரி காவலுக்கு ஆள் இருப்பாரா? மழையோ இடியோ வந்தால் எல்லோரும் ஒதுங்க கான்கிரீட் கட்டடம் உண்டா? டென்ட்டிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, வழியில் விளக்கு எரியுமா? கார் டென்ட் வரை வருமா? கடைசிக் கேள்வி முக்கியம். நடுராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் காரை அடைய ஜீப்புக்காகக் காத்திருக்க வேண்டிய இடம் குடும்பத்துக்கு ஏற்றதல்ல. இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். இணையத்திலேயே எடுத்துவிடலாம். பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்ட வேண்டும் என்ற ஆசைக்குப் பகல் நேரமே போதும். வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகள் திறக்கப்பட்டன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டி கூடவே வருவார். கோவைப் பக்கம் போனால் பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில் பரளிக்காடு பரிசல் பயணம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பகலில் இதைப் பார்த்துவிட்டு ராத்திரி வேலிக்குள் தங்குங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். முதல் ராத்திரியை உங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் முளை அடிக்க முடியாது. நான்கு மூலைக்கும் தண்ணீர்க் குடம் வைத்துக் கட்டுங்கள். ஐந்து வயதுக் குழந்தை துணிச் சுவருக்குள் தூங்குமா, இருட்டில் ஜிப்பைத் தானே திறக்குமா, எத்தனை போர்வை குறைகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். படியிறங்கினால் வீடு என்பதால் எந்தத் தவறும் பெரிதாகாது.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது? எவ்வளவு குளிரும்?
– வாசகி, சேலம்

பதில்: ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். அதற்குப் பிறகு காட்டுத்தீ காலம். மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும். ஏப்ரல், மே கோடை மழை பெரும்பாலும் மாலையில் இடியோடு வரும்.

குளிருக்கு ஒரு கணக்கு: ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1200 மீட்டர் உயரம். உங்கள் வீட்டில் விடியற்காலை 20 டிகிரி என்றால் அங்கே 12, 13 எதிர்பாருங்கள். கொடைக்கானல் 2100 மீட்டர். ஜனவரியில் 10-க்குக் கீழே போகும். ஊட்டியில் உறைபனியே விழும். பத்து வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளோடு முதல் தடவை என்றால் ஏலகிரி, ஏற்காடு உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: ‘4 பேர் டென்ட்’ என்று போட்டிருப்பதை வாங்கினால் நாங்கள் நாலு பேரும் படுக்கலாமா? 2000 எம்.எம்., 3000 எம்.எம். என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?
– வாசகர், கோவை

பதில்: ஒருவருக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை அச்சடிக்கிறார்கள். ரயிலில் படுப்பதுபோல. பைகளுக்கு இடமே இல்லை. பெரியவர் இருவர், சிறுவர் இருவர் என்றால் நாலு பேர் டென்ட்டில் நெருக்கிப் படுக்கலாம். பை உள்ளே வேண்டுமென்றால் ஆறு பேர் அளவை எடுங்கள். வாங்கும் முன் தரையின் நீளம் 210 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உயரமான அப்பாவின் கால் ராத்திரி முழுவதும் துணியை முட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் நனையும்.

எம்.எம். என்பது துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்ற அளவு. மேல் துணிக்கு 1500-க்குக் குறையக் கூடாது. தரைக்கு 3000 இருந்தால் நல்லது. மழைத்துளியைவிட நீங்கள் முட்டி போட்டு ஊன்றும் அழுத்தம் அதிகம் என்பதால் தரைக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தையல்களின் உட்புறத்தில் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். துணி எத்தனை உயர்ந்ததானாலும் தையல் ஓட்டை வழியே தண்ணீர் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு அடுக்கு டென்ட்டாக வாங்குங்கள். உள்ளே வலைத்துணி, அதன்மேல் தனியாக மழைத்துணி. ஓரடுக்கு டென்ட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒருவர் உறங்கும்போது மூச்சிலும் தோலிலுமாக ஏறத்தாழ கால் லிட்டர் நீர் வெளியேறுகிறது. நாலு பேருக்கு ஒரு லிட்டர். அது குளிர்ந்த துணியில் பட்டு வியர்த்துச் சொட்டும். காலையில் எழுந்து ‘டென்ட் ஒழுகுது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலருடைய டென்ட் ஒழுகியிருக்காது, உள்ளே வியர்த்திருக்கும். மழை பெய்தாலும் மேலே உள்ள காற்றுத் துவாரத்தை மூடாதீர்கள்.

கேள்வி: போன தடவை நல்ல டென்ட்தான், அடியில் தார்ப்பாயும் விரித்தோம். அப்படியும் ராத்திரி மழையில் கீழேயிருந்து தண்ணீர் ஊறி மெத்தை நனைந்துவிட்டது. எங்கே தப்பு?
– வாசகர், திருச்சி

பதில்: தார்ப்பாய்தான் தப்பு. அது டென்ட்டின் தரையைவிடப் பெரிதாக, சுற்றிலும் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டு இருந்திருக்கும். மழைத்துணியில் வழிந்த தண்ணீர் அந்த நீட்டலில் விழும். மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தார்ப்பாயின் மேலேயே ஓடி டென்ட்டுக்கு அடியில் தேங்கும். தார்ப்பாய்க்கும் டென்ட் தரைக்கும் நடுவே ஒரு குளத்தை நீங்களே கட்டிக்கொடுத்த மாதிரி. அதன்மேல் நாலு பேர் படுத்து அழுத்தும்போது எந்தத் தரைத்துணியும் தாங்காது.

தார்ப்பாய் டென்ட்டின் தரையைவிட நாலு பக்கமும் நாலு விரற்கடை சிறிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் வெட்ட வேண்டியதில்லை. ஓரங்களை அடிப்பக்கமாக மடித்துவிடுங்கள். மேல்பக்கமாக மடித்தால் அந்த மடிப்பே வாய்க்கால் ஆகிவிடும். டென்ட்டை எழுப்பிய பிறகு தரையோடு தரையாகக் குனிந்து ஒரு சுற்று வந்து பாருங்கள். எங்கேயும் தார்ப்பாய் எட்டிப் பார்க்கக் கூடாது.

அடுத்தது இடம். பார்க்கச் சமதளமாக, மெத்தென்று புல் இருக்கும் இடம் பல நேரம் தண்ணீர் நிற்கும் பள்ளம். மண் வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தால், இலைச்சருகுகள் வரிசையாக ஒதுங்கியிருந்தால் அங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது சரிவு. லேசான சரிவு நல்லது. தலை மேட்டுப் பக்கம், கால் தாழ்வுப் பக்கம். டென்ட்டைச் சுற்றிக் குழி வெட்டும் பழைய வழக்கம் வேண்டாம். புல்வேர் அறுந்து மண் அரித்துவிடும், முகாம்காரர்களும் விடமாட்டார்கள்.

காய்ந்த ஓடைப்படுகையில், ஆற்று மணல் திட்டில் ஒருநாளும் டென்ட் போடாதீர்கள். மலைமேல் பெய்யும் மழை உங்கள் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளம்தான் தெரியும். தென்னைக்கு அடியில் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. தைல மரம், சில்வர் ஓக் நிழலும் வேண்டாம். காற்றில்லாமலே கிளை முறியும் மரங்கள் அவை.

முளை அடிப்பதில் பலரும் செய்யும் தவறு, நேர்செங்குத்தாகவோ டென்ட் பக்கம் சாய்த்தோ அடிப்பது. கயிறு இழுத்தால் அது உருவிக்கொண்டு வந்துவிடும். முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் கிட்டத்தட்ட எல் வடிவில் நிற்கும். மண்ணுக்கு மேல் கொக்கி மட்டும் தெரியும்படி இறக்குங்கள். கடற்கரை மணலில் முளை நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, வாயைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி, ஓரடி ஆழத்தில் புதையுங்கள், அசையாது. நைலான் துணி நனைந்தால் தொய்யும். தொய்ந்த மேல்துணி உள்வலையைத் தொட்டால் அங்கே சொட்டும். ஆகவே படுக்கும் முன் கயிறுகளை ஒரு முறை இறுக்கிவிட்டுப் படுங்கள். குழந்தைகள் இருட்டில் கயிறு தடுக்கி விழாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டித் தொங்கவிடலாம்.

கேள்வி: கனமான கம்பளி கொண்டுபோயும் குளிரில் யாரும் தூங்கவில்லை. மாமியாருக்கு 68 வயது, அவரையும் அழைத்துப் போக ஆசை. என்ன செய்யலாம்?
– வாசகி, வேலூர்

பதில்: கம்பளியை மேலே போர்த்தியிருப்பீர்கள். குளிர் வந்தது கீழேயிருந்து. தரை உடம்புச் சூட்டை ராத்திரி முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ‘கீழே இரண்டு, மேலே ஒன்று’ என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் ஃபோம் பாய் ஆளுக்கொன்று, அதன்மேல் ஜமக்காளமோ பழைய கம்பளியோ, அதன்பிறகு படுக்கை. ஃபோம் பாய் இல்லையென்றால் அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு அடுக்காக விரியுங்கள். நன்றாகவே வேலை செய்யும். காற்றடைத்த மெத்தை சொகுசாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரில் குளிர்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். அதை விரித்தால் அதன்மேல் கட்டாயம் கம்பளி வேண்டும்.

பகலில் விளையாடி வியர்த்த பருத்திச் சட்டையோடு பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். உள்ளாடை, சாக்ஸ் உட்பட எல்லாம் காய்ந்ததாக மாற்றுங்கள். குல்லாவை மறக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றிய ஸ்டீல் பாட்டிலை இறுக மூடி, தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகவில்லை என்று பார்த்து, தடித்த சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்தால் வெகுநேரம் கதகதப்பு இருக்கும். முகத்தை மட்டும் மூடக் கூடாது. மூச்சின் ஈரம் போர்வையை நனைத்துவிடும்.

மாமியாரை அழைத்துப் போங்கள், ஆனால் டென்ட்டில் படுக்க வைக்காதீர்கள். தவழ்ந்து உள்ளே போவதும் தரையிலிருந்து எழுவதும் 68 வயது முழங்காலுக்குக் கஷ்டம். ராத்திரி இரண்டு தடவை கழிப்பறை போக வேண்டும் என்றால் அது பெரிய வேலை. அதே வளாகத்தில் அறை இருக்கும் முகாமாகப் பாருங்கள். சாயங்காலம் முழுக்க பேரப்பிள்ளைகளோடு வெளியில் நாற்காலி போட்டு உட்காரட்டும், படுக்க அறைக்குப் போகட்டும்.

கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப்போவது? அங்கே அடுப்பு மூட்டினால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி குறைகிறது. கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது, பருப்பும் குழையாது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துப் போங்கள், அல்லது பருப்பை விட்டுவிடுங்கள்.

ஒரு ராத்திரிக்கு எங்கள் யோசனை இது. மதியத்துக்கும் மாலைக்கும் வீட்டிலிருந்து புளியோதரை, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, தக்காளித் தொக்கு. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்டுக் கிளறுங்கள். ஆவியோடு மூடினால்தான் கெடுகிறது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தயிர் சாதத்தைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மாலை வரை புளிக்காது.

காலைக்கு உப்புமாக் கலவை. நாலு பேருக்கு இரண்டு குவளை ரவை. நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கிள்ளிய மிளகாய் தாளித்து, கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகும் வரை விடுங்கள். கறிவேப்பிலையில் ஈரம் தங்கினால் கலவை பூசணம் பிடிக்கும். அதிலேயே ரவையைப் போட்டு வாசனை வரும்வரை வறுத்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து, முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் அடையுங்கள். முகாமில் ஐந்து குவளை தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கலவையைத் தூவிக் கிளறி, ஐந்து நிமிடம் மூடிவைத்தால் வேலை முடிந்தது. வெங்காயம் நறுக்க வேண்டாம், கழுவ ஒரே பாத்திரம்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வையுங்கள்: குடிக்க மூன்று, சமைக்கவும் கழுவவும் இரண்டு. நாலு பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன். மலைவாசஸ்தலங்களில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் ஸ்டீல் பாட்டில்களே நல்லது. ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம்; 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம்.

கேள்வி: கேம்ப் ஃபயர் அணைந்த பிறகு மிச்சக் கரியை ஒரு சட்டியில் அள்ளி டென்ட்டுக்குள் வைத்தால் கதகதப்பாக இருக்குமே?
– வாசகர், ஈரோடு

பதில்: வைக்கவே வைக்காதீர்கள். கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை, இருமல்கூட வராது. தலை லேசாக வலிக்கும், அசதியாக இருக்கும்; தூங்கிவிடுவீர்கள், எழமாட்டீர்கள். சாம்பல் பூத்து அணைந்த மாதிரி இருக்கும் கரியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். டென்ட்டோ அறையைவிடச் சிறியது. கேஸ் அடுப்பும் உள்ளே கூடாது. வாசலில் வைத்துச் சமைப்பதும் கூடாது, நைலான் ஒரு நொடியில் உருகி மேலே ஒட்டும். அடுப்பு டென்ட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். காற்றுத் தடுப்பு வைக்கும்போது அது சிலிண்டரையும் சேர்த்து மூடிவிடாமல் பாருங்கள், சிலிண்டர் சூடேறினால் வெடிக்கும்.

நெருப்பை முகாம்காரர் காட்டும் குழியில் மட்டும் மூட்டுங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

கேள்வி: பாம்பு, பூச்சி பயம்தான் பெரிதாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

பதில்: பாம்புக்கு ஜிப் போட்ட டென்ட் நல்ல பாதுகாப்பு. ஆபத்து, ‘காற்றாட வெளியில் பாய் விரித்துப் படுக்கிறேன்’ என்பவருக்குத்தான். கட்டுவிரியன் ராத்திரியில் திரியும் பாம்பு. தரையில் உறங்குகிறவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை சொக்குதல், நாக்குக் குழறல் என்று தொடங்கும். வெளியில் படுத்த யாருக்காவது இப்படி இருந்தால் அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டென்ட் ஜிப்பை ஒவ்வொரு தடவையும் முழுக்க மூடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். செருப்பு, ஷூவைப் பையில் போட்டு உள்ளே வையுங்கள். காலையில் உதறிவிட்டுப் போடுங்கள்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது பாம்பைவிட உண்ணிக் காய்ச்சலைப் பற்றி. புதர், புல்வெளிகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் இது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம். கடித்து ஒன்று இரண்டு வாரம் கழித்துக் கடுங்காய்ச்சல் வரும், அதற்குள் டென்ட்டில் தங்கியதையே மறந்திருப்போம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காது மடலுக்குப் பின்னால் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லோருக்கும் அது இருக்காது. ஆகவே பயணம் முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ‘காட்டுப் பக்கம் டென்ட்டில் தங்கினோம்’ என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் மாத்திரையிலேயே குணமாகும் நோய், தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் பாதிக்கும். தடுக்க வழி: முழுக்கை, முழுக்கால்சட்டை, புல்லில் நேராக உட்காராமல் விரிப்பு, திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளியல், துணிகளை வெந்நீரில் அலசல்.

அட்டை பயப்பட வேண்டியதல்ல. பிய்த்து இழுக்காமல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும். சோப்பால் கழுவித் துணியை அழுத்திப் பிடித்தால் போதும்.

கேள்வி: வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள். கழிப்பறை விஷயத்தில் எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கழிப்பறை சரியில்லாத முகாமுக்குப் போகாமல் இருப்பதுதான் முதல் பதில். பதிவு செய்யும் முன் கழிப்பறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். பெண்களுக்குத் தனியாக உண்டா, தாழ்ப்பாள் விழுமா, ராத்திரி தண்ணீர் வருமா என்று கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் போவதாக இருந்தால் நாப்கினைத் தாளில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் ஊருக்கே கொண்டுவந்துவிடுங்கள். புதைத்தால் நாயும் பன்றியும் தோண்டிப்போடும், எரித்தால் முழுதும் எரியாது. ராத்திரி அவள் தனியாகப் போக வேண்டாம். அம்மாவோ அத்தையோ கூடப் போக வேண்டும், ஆளுக்கொரு டார்ச்.

கேள்வி: செல்போன் சிக்னல் கிடைக்காத இடம் என்கிறார்கள். பிள்ளைகள் ராத்திரி என்ன செய்வார்கள்?
– வாசகர், கரூர்

பதில்: வானத்தைப் பார்ப்பார்கள். ஜனவரி நடுவில், ராத்திரி எட்டு மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கண் பழகக் கால்மணி நேரம் கொடுங்கள். தலைக்கு மேலே, சற்று வடக்கே, சின்னக் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று போட்டி வையுங்கள். சாதாரணக் கண்ணுக்கு ஆறு. அதற்குக் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. இன்னும் கிழக்கே, ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் அது வேடன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே செந்நிறமாக மின்னுவது திருவாதிரை. ‘என் நட்சத்திரம் எங்கே?’ என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள். பஞ்சாங்கத்தில் மட்டும் கேட்ட பெயருக்கு வானத்தில் ஓர் இடம் இருப்பது தெரியும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு மேல் தெற்கே, கையை நீட்டி முஷ்டியை அடுக்கினால் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ மூன்று முஷ்டி உயரத்தில் பளிச்சென்று ஒன்று தெரியும். அது அகத்தியர் நட்சத்திரம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் கண்ணின் பழக்கம் கெடாது.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். வழி தவறினால் நடக்காமல் அங்கேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்று தடவை விட்டுவிட்டு ஊதச் சொல்லிக்கொடுங்கள். தேடப் போகிறவர்களுக்கு, நகராத குழந்தையைக் கண்டுபிடிப்பது எளிது.

கேள்வி: குரங்கு, காட்டுமாடு தொல்லைக்கு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கையில் பிளாஸ்டிக் பை தெரியக் கூடாது, குரங்குக்கு அதுதான் சாப்பாட்டு அடையாளம். உணவு மூடியுள்ள டப்பாவில், டப்பா காருக்குள். டென்ட்டுக்குள் பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். காட்டுமாடு சாதுவாக மேய்வதாகத் தோன்றும். கிட்டப்போய்ப் போட்டோ எடுக்காதீர்கள். ஒரு பேருந்து நீளத்தைப்போல மூன்று மடங்கு தள்ளியே நில்லுங்கள், அது போக வழி விடுங்கள். நீலகிரியில் எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும். சமைத்த பாத்திரத்தை ராத்திரியே கழுவிவிடுங்கள்.

கேள்வி: இடி இடித்தால் டென்ட்டுக்குள் இருப்பது பத்திரமா?
– வாசகர், தருமபுரி

பதில்: இல்லை. கட்டடத்துக்கு, இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய காருக்குப் போய்விடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணி முடிவதற்குள் சத்தம் கேட்டால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். மரத்தடியில் நிற்பது டென்ட்டைவிட மோசம்.

கேள்வி: ஒரே தடவை பயன்படுத்திய டென்ட். மூன்று மாதம் கழித்து எடுத்தால் ஒரே நாற்றம், கறுப்புப் புள்ளி, உள்பக்கம் பிசுபிசுப்பு. சரிசெய்ய முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஈரத்தோடு சுருட்டியிருக்கிறீர்கள். மழை பெய்யாவிட்டாலும் காலைப் பனியும் உள்வியர்வையும் போதும். புள்ளி பூசணம், இளஞ்சூட்டு நீரில் துளி சோப்பு விட்டு ஸ்பாஞ்சால் துடைத்தால் நாற்றம் குறையும், கறை முழுதாகப் போகாது. வாஷிங் மெஷினும் பிளீச்சும் கூடாது. பிசுபிசுப்பு வந்திருந்தால் நீர்காக்கும் பூச்சே சிதைந்துவிட்டது. அந்த மழைத்துணியை இனி நம்பாமல், மொட்டை மாடியில் பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த டென்ட்டை வீட்டுக்கு வந்த அன்றே பிரித்து, கொடியில் நிழலில் இரண்டு நாள் காயப்போடுங்கள். வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும். தையல் மடிப்புகளைத் தொட்டுப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அவைதான். கம்புகளைக் கழற்றும்போது நுனியிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து மடியுங்கள், உள்ளே ஓடும் எலாஸ்டிக் ஒரே பக்கம் இழுபட்டுத் தளராது. காய்ந்த டென்ட்டை அதன் இறுக்கமான உறையில் திணிக்க வேண்டாம். பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். முளைகளை எண்ணி, மண்ணைத் துடைத்துத் தனிப் பையில் போட்டு, எத்தனை என்று அந்தப் பையின்மேலேயே எழுதி வையுங்கள்.